கையடக்க கேமிங் கணினி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டீம் டெக், லீஜியன் கோ போன்ற கருவிகளைப் புதிதாக வாங்குவோருக்கு எமுலேட்டர்களை (பழைய கேம் கருவிகளின் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்களை) அமைத்துக் கொடுக்கும் வேலை அடிக்கடி என்னிடம் வந்து சேர்கிறது. தொடக்க காலத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். திரைக்காப்பு, பயண உறை போன்றவற்றை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லா விளையாட்டுக்கும் உச்ச வாட்

ஸ்டீம் டெக்கின் சிப் மட்டுமே 15 வாட் வரை இழுக்கும்; திரையும் பிறவும் சேர்ந்தால் இன்னும் கூடும். 2022இல் வந்த முதல் வகையில் இருப்பது 40 வாட்-மணி பேட்டரிதான் என்பதால், அந்த வேகத்தில் அது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. புதிய பெரிய விளையாட்டுகளுக்கு அது தவிர்க்க முடியாத செலவு; கேம் பாய் அட்வான்ஸ் போன்ற பழைய கருவிகளின் விளையாட்டுகளுக்கோ முழு வீண். பிளேஸ்டேஷன் 2 விளையாட்டின் படத்திலுள்ள 448 வரிகளை இரு மடங்காக்கினாலே 896 ஆகி, டெக் திரையின் 800 வரிகளைத் தாண்டிவிடும். நான்கு மடங்கு வைத்துவிட்டு, விசிறி இரைகிறது என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

மலிவான மெமரி கார்டு

அட்டையில் அச்சிட்ட கொள்ளளவை நம்பாமல், முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்த பிறகே விளையாட்டுகளை ஏற்றுங்கள்.

சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்கலாம் என்று தெரிந்தவுடன், விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எமுலேட்டர் அந்தக் கணத்தில் தன் நினைவகத்தில் வைத்திருப்பதை அப்படியே ஒரு கோப்பில் கொட்டி வைப்பதே சேவ் ஸ்டேட். உள்ளமைப்பு மாறினால் அந்தக் கோப்பு பயனற்றுப் போகலாம். பிசிஎஸ்எக்ஸ்2, டால்பின் ஆகிய எமுலேட்டர்களைப் புதுப்பித்த பிறகு பழைய ஸ்டேட் திறக்க மறுப்பது இதனால்தான். எமுலேட்டரின் மெய்நிகர் மெமரி கார்டு கோப்பில் விளையாட்டே எழுதிய சேமிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. என் சித்தி மகன், பல எமுலேட்டர்களை ஒன்றாக இயக்கும் ரெட்ரோஆர்ச் மென்பொருளில் ஒரு சூப்பர் நிண்டெண்டோ ஆர்பிஜியை (பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை) ஒழுங்காக உள்ளேயே சேமித்து ஆடி வந்தான். ஒருநாள், பிடித்த சண்டையொன்றை மீண்டும் ஆடும் ஆசையில் பல வாரங்களுக்கு முந்தைய ஸ்டேட்டைத் திறந்து, ஆடி முடித்து மூடினான். மறுநாள் சேமிப்பைத் திறந்தபோது, நாயகன் பழைய ஊரில் பழைய வாளோடு நின்றான். கார்ட்ரிட்ஜின் சேவ்ரேமும், அதாவது விளையாட்டு தன் சேமிப்பை எழுதும் நினைவகமும், ஸ்டேட்டுக்குள் அடங்கியிருந்ததால், பழையது உயிர்பெற்று, மூடும்போது புதியதன் மேல் எழுதப்பட்டுவிட்டது. ஸ்டேட்டைத் திறக்கும்போது சேவ்ரேமைத் தொடாதிருக்கச் சொல்லும் தேர்வு, அமைப்புகளின் சேவிங் பகுதியிலேயே இருக்கிறது. யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

அதே பகுதியில் சேவ்ரேம் தானியங்கிச் சேமிப்புக்கான இடைவெளியும் உண்டு. அது அணைக்கப்பட்டிருந்தால், ரெட்ரோஆர்ச் சேவ்ரேமை வட்டில் எழுதுவது விளையாட்டை மூடும்போதுதான். ஆனால் கையடக்கக் கருவியில் நாம் எதையும் மூடுவதில்லை, பவர் பொத்தானைத் தட்டித் தூங்க வைத்துவிடுகிறோம். தூக்கத்திலேயே பேட்டரி தீர்ந்துபோனால், சேமித்தாயிற்று என்று விளையாட்டு காட்டிய செய்திக்கு மதிப்பே இல்லை. இடைவெளியை 10 விநாடி என வைத்துவிடுங்கள்.

ஆன்ட்டி-சீட்

இணையவழி ஆட்டங்களில் ஏமாற்றுவோரைத் தடுக்கும் மென்பொருள்தான் ஆன்ட்டி-சீட். அதன் காரணமாக ஃபோர்ட்நைட், வாலரன்ட் இரண்டும் ஸ்டீம் டெக்கின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடாது.