மரம் அசையக் கூடாது: சிஎன்சியும் ரம்பமும் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் இருக்கும் ஒரு தம்பி போன மாதம் என் பட்டறைக்கு ஒரு பலகையோடு வந்தார். வாசலில் மாட்ட ரப்பர் மரத்தில் ‘கண்ணன் இல்லம்’ என்று சிஎன்சியில், அதாவது கணினி சொல்கிறபடி செதுக்கும் மெஷினில், செதுக்கியிருந்தார். ‘இல்லம்’ அழகாக வந்திருந்தது. ‘கண்ணன்’ மட்டும் பார்க்கவே வருத்தமாக இருந்தது. ண, ன எல்லாவற்றிலும் சுழிக்கு நடுவே நிற்க வேண்டிய மரம் பிய்ந்து, வெறும் பள்ளமாகக் கிடந்தது. “அண்ணே, மெஷின் சின்னது, அதான். பெருசா ஒன்னு வாங்கிடட்டுமா?” என்று கேட்டார்.

பெரிய மெஷின் தேவையே இல்லை. எழுத்தின் உயரம் 25 மி.மீ., அவர் போட்ட பிட் (செதுக்கும் முனை) 3.175 மி.மீ. அந்த பிட் கீறும் கோடு 3 மி.மீ.க்குக் குறையாது. ண-வின் மூன்று சுழிகளும் அந்த அகலத்துக்குள் எப்படிப் பிழைக்கும்? தமிழ் எழுத்துக்கு 60 டிகிரி ‘வி’ பிட் போட வேண்டும். குறுகலான இடத்தில் அது மேலோட்டமாகவும், அகலமான இடத்தில் ஆழமாகவும் போகும். எழுத்தை இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிவிட்டு வெட்டும் மென்பொருளுக்குக் கொண்டுபோவது நல்லது. பல மென்பொருள்களில் நேராகத் தமிழில் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

அவர் பலகையில் இன்னொன்றையும் கவனித்தேன். ஒரே பக்கத்தில் இரண்டு கிளாம்ப் போட்ட தடம் இருந்தது, மறுபக்கத்தில் ஒன்றுமே இல்லை. பிட் கடந்துபோன ஒவ்வொரு முறையும் பலகை லேசாக எழும்பியிருக்கிறது. சிஎன்சியோ ரம்பமோ, என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் பிடிமானத்தில்தான் வந்து நிற்கின்றன. ஒன்று மெஷின் ஆடும், இல்லையென்றால் மரம் ஆடும்.

வாங்கும்போது எல்லாரும் மரத்தை வைக்கும் படுக்கையின் அளவைத்தான் பார்க்கிறார்கள். 3018 என்ற சின்ன சிஎன்சி என்றால் வெட்டும் பரப்பு 30 செ.மீ.க்கு 18 செ.மீ. அதைவிடப் பெரியது அதே விலைக்குக் கிடைத்தால் உடனே மனம் போகிறது. ஆனால் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் நகர்கிற அதே மெல்லிய கம்பியை நீளமாக்கினால் நடுவில் வளையத்தான் செய்யும். முடிந்தால் மெஷினை நேரில் போய்ப் பாருங்கள். மின்சாரம் இல்லாமல் ஸ்பிண்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்தால், வெட்டும்போது பிட்டும் அப்படித்தான் நகரும்.

அப்புறம், எதை வெட்டப் போகிறீர்கள்? பிளைவூட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), ரப்பர் மரம் என்றால் சின்ன மெஷின் பொறுமையாகச் செய்யும். செங்கால் மரம் கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும். ரப்பர் மரம் 600 கிலோவை ஒட்டி நிற்கும். செங்காலை 3018-இல் வைத்து மெஷினை வதைக்காதீர்கள். நம் பாட்டன்மார் விடியற்காலையில் சீவிய அதே ரப்பர் மரம், 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த பிறகு பலகையாகி வருகிறது. அதில் தமிழ் எழுத்தைச் செதுக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது. மருந்தேற்றிக் காயவைத்த பலகையா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரமே வந்துவிடும்.

பயந்துகொண்டு மெதுவாக ஓட்டுவது புதியவர்கள் செய்யும் அடுத்த தவறு. நிமிடத்துக்கு 10,000 சுற்று, இரண்டு வெட்டு விளிம்பு உள்ள பிட், நகரும் வேகம் நிமிடத்துக்கு 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு விளிம்பு ஒரு சுற்றில் எடுப்பது 0.01 மி.மீ. அது வெட்டு இல்லை, தேய்ப்பு. மரம் கருகும், பிட் சூடாகி மழுங்கும். வேகத்தை 800 அளவுக்கு ஏற்றி, ஆழத்தை அரை மி.மீ.க்குக் குறையுங்கள். வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் பிட் தேய்க்கிறது. துருவிய தேங்காய் மாதிரி இருந்தால் வெட்டுகிறது. எம்டிஎஃப் மட்டும் எப்போதும் மாவாகத்தான் வரும்.

பலகையை ஒட்ட இருபக்க டேப்பை நம்பாதீர்கள். தூசி படிந்த எம்டிஎஃப் மேல் அது பாதி வேலையில் கைவிடும். மேசையிலும் பலகையின் அடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டுக்கும் நடுவில் சூப்பர் குளூ விடுங்கள். அந்தப் பசை ஈரப்பதத்தால் இறுகுவது, பினாங்குக் காற்றில் சட்டென்று பிடிக்கும். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டை முதலில் நட்டுக்குள் ‘டக்’ என்று அமர்த்தி, பிறகுதான் ஸ்பிண்டிலில் மாட்ட வேண்டும். 3018-உடன் லேசர் தலை வந்தால் அதில் பிவிசி பலகையை மட்டும் வைக்காதீர்கள். கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் மெஷினையும் சேர்த்து அரிக்கும்.

சரி, ரம்பத்துக்கு, முதலில் மேசையில் பொருத்திய டேபிள் சாவுக்கு வருவோம். சிஎன்சியில் தவறினால் பலகை போகும், ரம்பத்தில் விரல் போகும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும்போது அதன் பல் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம் ஊர் ஈரத்தில் கிடந்த மரத்துக்குள் இறுக்கம் இருக்கும். நீளவாக்கில் அறுக்க அறுக்க, பிளந்த இரண்டு பாதியும் நெருங்கி பிளேடைக் கவ்வும். அடுத்த நொடி பலகை உங்களை நோக்கிப் பறக்கும். இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்ற மெல்லிய தகடு நிற்கிறது. இடைஞ்சலாக இருக்கிறது என்று பலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்ப மாட்டுங்கள். பழைய டேபிள் சா வாங்கப் போனால், மோட்டாரைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். குறுக்கே அறுக்கும்போது ஃபென்ஸையும் (பிளேடுக்கு இணையாக நிற்கும் சட்டம்) மைட்டர் கேஜையும் (மரத்தைக் கோணம் பிடித்துத் தள்ளும் கருவி) ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள். துண்டு நடுவில் மாட்டிக்கொண்டு திருகும். கையுறை வேண்டாம், துணியைப் பிளேடு இழுத்தால் கையும் சேர்ந்து போகும். பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள்.

ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். 4 அங்குல கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டாதீர்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் எங்கள் வரிசையில் ஒருவர் காவடி வளைவுக்கான பிளைவூட்டை அப்படித்தான் அறுத்தார். பல் கடித்தது, கிரைண்டர் கையை உதறிக்கொண்டு தொடையில் இறங்கியது. அந்த ஆண்டு அவர் தண்ணீர்மலை ஏறவில்லை. கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். மரத்தின் மேல் அமர அதற்கு அடித்தட்டு கிடையாது, பிடித்துக்கொள்ள உங்கள் மணிக்கட்டு மட்டும்தான்.

அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் ரம்பம் மலிவாகத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அந்த ரம்பத்துக்கு வேண்டிய 60 ஆக்காது. இண்டக்ஷன் மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது, அதனால் முகக்கவசத்தையும் தூசி உறிஞ்சியையும் மெஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

காவடி வளைவுக்கு ஒரு ஜிக் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடும் கை ரம்பம்) போதும். மெல்லிய பல் உள்ள பிளேடைப் போட்டு, பிளைவூட்டின் நல்ல முகத்தைக் கீழே வைத்து, மேசையோடு இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டுவிட்டு அறுங்கள். பிளேடு மேல்நோக்கி வெட்டுவதால் சிராய்ப்பு மேலே இருக்கும் பின்பக்கத்தில்தான் வரும்.