நெதர்லாந்தின் சட்டம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெதர்லாந்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் வரும் தமிழர்களுக்கும், அகதிகளாக வந்து இங்கேயே தங்கிவிட்ட ஈழத்தமிழர்களுக்கும் அரசுக் கடிதங்களைப் படித்துச் சொல்வது எனக்குப் பழகிப்போன வேலை. வருகிற ஆட்கள்தான் மாறுகிறார்கள். செய்கிற தவறுகள் அப்படியே இருக்கின்றன. முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு போன்றவற்றை வந்த முதல் வாரமே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தவறைப் பற்றி மட்டும் நிறையச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அதை இன்று பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஹேக்கில் இருப்பதெல்லாம் ஒரே கோர்ட் என்று நினைப்பது

"ஹேக் கோர்ட் வரைக்கும் போவேன்" என்று கோபத்தில் சொல்பவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் அமைதி மாளிகையின் சர்வதேச நீதிமன்றம். அது நாடுகளுக்கு இடையிலான வழக்குகளுக்கானது. உங்கள் வீட்டு வாடகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த நாட்டில் 11 மாவட்ட நீதிமன்றங்கள், 4 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், அவற்றுக்கு மேலே ஹேக்கில் ஹோஹ ராட் என்கிற உச்ச நீதிமன்றம். ஜூரி கிடையாது, அதை 1813-லேயே ஒழித்துவிட்டார்கள். வாடகை, வேலை, 25,000 யூரோ வரையிலான பணத் தகராறு எல்லாம் மாவட்ட நீதிமன்றத்துக்குள்ளேயே இருக்கும் கன்டோன் நீதிபதியிடம் போகும். அங்கே வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. ஹோஹ ராட் சாட்சியத்தைத் திரும்ப விசாரிக்காது, சட்டத்தைச் சரியாகப் பொருத்தினார்களா என்றுதான் பார்க்கும். அதனால் நல்ல ஆதாரத்தை "மேலே போகும்போது காட்டலாம்" என்று பத்திரப்படுத்தி வைக்காதீர்கள்.

அரசு அலுவலகத்தோடு தகராறு என்றால் பாதையே வேறு. பெரும்பாலும் முதலில் அதே அலுவலகத்திடம் ஆட்சேபனை, பிறகு மாவட்ட நீதிமன்றம், அதற்கும் மேலே ராட் ஃபான் ஸ்டாட் என்கிற உயர் நிர்வாக மன்றம். உதவித்தொகை போன்ற சமூகநல வழக்கானால் உட்ரெக்ட்டில் இருக்கும் மத்திய மேல்முறையீட்டு மன்றம்.

ரோமன்-டச்சுச் சட்டம் தெரியும் என்ற தைரியம்

இது கொழும்பில் சட்டம் படித்துவிட்டு வருபவர்களுக்கு. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைத் தொகுத்து எழுதியதும் அவர்கள் காலத்தில்தான், 1707-இல். அவர்கள் விட்டுப்போன ரோமன்-டச்சுச் சட்டம் இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது பிறந்த நாட்டில் இல்லை. நெப்போலியன் காலத்தில், 1809-இல், அதைக் கைவிட்டுச் சட்டத்தொகுப்புக்கு மாறினார்கள். 1838-இல் சொந்தமாக ஒரு சிவில் சட்டத்தொகுப்பு வந்தது. 1992-இல் அதன் பெரும்பகுதியைப் புதிதாக எழுதிவிட்டார்கள். ஊரில் படித்தது வரலாறாக உதவும். வழக்குக்கு இங்குள்ள தொகுப்பைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அரசியலமைப்பை மட்டும் நீட்டி வாதாடுவது

நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தியர்கள். இங்கே அது நடக்காது. ஒரு சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்று நீதிபதி பார்க்கவே கூடாது என்கிறது டச்சு அரசியலமைப்பின் 120-வது பிரிவு. ஆனால் 94-வது பிரிவு வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மக்களை நேரடியாகக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்த விதியோடு உள்நாட்டுச் சட்டம் மோதினால், ஒப்பந்தம்தான் நிற்கும். வக்கீல்கள் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தைக் கையில் எடுப்பது இதனால்தான். கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைக்கச் சொல்லி 2019 டிசம்பரில் ஹோஹ ராட் அரசுக்கே உத்தரவிட்ட உர்ஹெண்டா வழக்கும் அந்த ஒப்பந்தத்தின் மேல்தான் நின்றது.

ஆறு வாரத்தைப் பேச்சிலேயே கழிப்பது

நான் சொன்ன எரிச்சல் இதுதான்.

அரசு அலுவலகம் உங்களைப் பற்றி எடுத்த முடிவு தபாலில் வருகிறது. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கிட்டே, "இந்த முடிவில் உடன்பாடில்லையா?" என்று ஒரு சின்னப் பத்தி இருக்கும். எப்படி ஆட்சேபிப்பது, எத்தனை நாளுக்குள், எந்த முகவரிக்கு என்பதெல்லாம் அங்கேதான். இந்த ஆட்சேபனைக்கு பெஸ்வார் என்று பெயர். காலக்கெடு பொதுவாக ஆறு வாரம், குடிவரவு விஷயமென்றால் நான்கே வாரம். நீங்கள் உறையைப் பிரித்த நாளிலிருந்து அல்ல, அவர்கள் அனுப்பியதற்கு மறுநாளிலிருந்து கணக்கு. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பாதி ஓடிப்போயிருக்கும்.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், போன் போடுகிறார்கள்.

ஒரு அக்காவுக்கு நகராட்சியிலிருந்து உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. சீட்டில் அவருடைய முறை வந்தபோது நாலைந்து பேர் அவர் கணக்குக்குப் பணம் போட்டார்கள். நகராட்சி வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, இது வருமானம், நீங்கள் தெரிவிக்கவில்லை, திருப்பிக் கட்டுங்கள் என்று எழுதியது. அக்கா அந்த அதிகாரியைப் போனில் பிடித்து, பாதி டச்சு பாதி ஆங்கிலத்தில் சீட்டு என்றால் என்ன என்று விளக்கினார். மறுமுனையில் நல்ல குரல், "சரி, நான் பார்க்கிறேன்" என்றது. அக்கா நம்பிவிட்டார். இன்னொரு முறை அழைத்தார், அதே பதில். நினைவூட்டல் கடிதம் வந்த பிறகுதான் என்னிடம் பையைக் கொண்டுவந்தார். யார் யார் எந்த மாதம் எவ்வளவு கட்டினார்கள் என்று கோடு போட்டு எழுதிய சீட்டு நோட்டு அதற்குள் அழகாக இருந்தது. ஆறு வாரம் தாண்டியிருந்தது.

எழுதித்தான் பார்த்தோம். தாமதமாக வந்ததால் விசாரணைக்கே எடுக்க முடியாது என்று பதில் வந்தது. சீட்டுப் பணம் வருமானமா இல்லையா என்ற வாதத்தில் அக்கா வென்றிருப்பாரா, தெரியாது, அங்கே விதிகள் கடுமையானவை. ஆனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கக்கூட இல்லை. அந்த நோட்டை ஒருவரும் திறக்கவில்லை. கெடு முடிந்தால் தவறான முடிவும் சரியான முடிவாகவே நடத்தப்படும். தாமதத்தை மன்னிக்க விதிவிலக்கு உண்டுதான், அதற்குப் பலமான காரணம் காட்ட வேண்டும். "போனில் பேசினேன்" என்பது அநேகமாகப் போதாது.

இத்தனைக்கும் ஆட்சேபிப்பது எளிது. பெயர், முகவரி, தேதி, எந்த முடிவை எதிர்க்கிறீர்கள், ஏன், கையெழுத்து. கட்டணம் இல்லை. காரணங்களை முழுதாக எழுத நேரமில்லையா? "ஆட்சேபிக்கிறேன், காரணங்கள் பின்னர்" என்று கெடுவுக்குள் ஒரு பக்கம் அனுப்பிவிடுங்கள். குறையைச் சரிசெய்ய அவர்கள் அவகாசம் தந்தாக வேண்டும். பதிவுத் தபாலில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் அனுப்புவதானால் அந்தக் கடிதம் சொல்லும் வழியிலேயே அனுப்புங்கள். அப்புறம் தாராளமாகப் போன் போடுங்கள்.

ஆட்சேபித்ததாலேயே முடிவு நின்றுவிடாது, பணம் கேட்பதும் தொடரலாம். நிறுத்திவைக்க நீதிபதியிடம் இடைக்கால உத்தரவு தனியாகக் கேட்க வேண்டும்.

"குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தில் பெற்றோர்கள் எழுதி என்ன கிழிந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோபம். சின்னக் குறை இருந்தாலும் கொடுத்த உதவித்தொகை முழுவதையும் வரித்துறை திரும்பப் பிடுங்கிய அந்த நடைமுறைக்கு ராட் ஃபான் ஸ்டாட் பல ஆண்டுகள் ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தது. 2019 அக்டோபரில்தான் நிலையை மாற்றியது, 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. ஆனால் 2019-இல் அந்த மன்றத்தின் முன் ஒரு வழக்கு நின்றது என்றால், யாரோ சோர்ந்துபோகாமல் ஒவ்வொரு கெடுவுக்குள்ளும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அபராதத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது என்பது

வேகமாகக் கார் ஓட்டியதற்கு வரும் சாதாரண அபராதமும், கடைத் திருட்டு போன்ற குற்றத்துக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகமே விதிக்கும் தண்டனை ஆணையும் ஒரே வசூல் அலுவலகத்திலிருந்துதான் வருகின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். முதலாவதில் குற்றப் பதிவு இல்லை, முறையிட ஆறு வாரம் இருக்கிறது. இரண்டாவதற்கு இரண்டே வாரம். கட்டினால் ஏற்றுக்கொண்டதாக ஆகும், அதன் பிறகு எதிர்க்க முடியாது. குற்றப் பதிவேட்டில் ஏறி, வேலைக்குக் கேட்கும் நன்னடத்தைச் சான்றிதழுக்கும் குடியுரிமைக்கும் குறுக்கே வந்து நிற்கலாம். தலைப்பைப் படியுங்கள், சந்தேகமிருந்தால் கட்டுமுன் வக்கீலைப் பாருங்கள்.

முதலாளி நீட்டும் விலகல் ஒப்பந்தத்தில் அன்றே கையெழுத்திடுவது

வேண்டாம். போட்டுவிட்டீர்களா? 14 நாளுக்குள் எழுத்தில் திரும்பப் பெறலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நீதிமன்ற அழைப்பாணை வந்தும் போகாமல் இருப்பது

நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும்.

காசில்லை, வக்கீல் கிடைக்காது என்று விட்டுவிடுவது

வருமானம் குறைவென்றால் அரசே வக்கீல் செலவின் பெரும்பகுதியை ஏற்கும், உங்கள் பங்கு சிறியது. முதலில் யூரிடிஸ் லொக்கெட் என்கிற சட்ட உதவி மையத்துக்குப் போங்கள், அங்கே ஆலோசனை இலவசம். போகும்போது கடிதத்தோடு அது வந்த உறையையும் எடுத்துப் போங்கள், தபால் முத்திரையில் தேதி இருந்தால் அதுவும் உதவும்.