ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்தவர்களுக்கு: முதலில் முகவரி, அப்புறம் வீடு

விசா கைக்கு வந்த வாரத்தில் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அக்கா, ஆபீஸ் பக்கத்துல 2 பிஎச்கே கிடைக்குமா? அடுத்த மாசம் வர்றேன்." நான் ஈரோட்டுக்காரி. இங்கே, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பக்கம், கார்களுக்கான மென்பொருளைச் சோதிக்கும் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு வீடு தேட உதவுவது எப்படியோ என் சனிக்கிழமை வேலையாகிவிட்டது. கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: ஊரில் உட்கார்ந்துகொண்டு ஸ்டுட்கார்ட்டில் நிரந்தர வீடு பிடிக்கப் பார்க்காதீர்கள். வீட்டுக்காரர்கள் ஆளை நேரில் பார்க்காமல் சாவி தருவதில்லை. பார்க்காமலே தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் பயப்படுங்கள்.

முதல் மூன்று நான்கு மாதத்துக்குத் தற்காலிகமாக ஒரு இடம் எடுங்கள். சாமான்களோடு உள்ள ஒற்றை அறை, யாரோ ஊருக்குப் போகும்போது இடைக்காலத்துக்கு விடும் வீடு, நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஒரு அறை, எதுவானாலும் சரி. விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்: இந்த முகவரியில் "அன்மெல்டுங்" செய்ய முடியுமா?

அன்மெல்டுங் என்றால் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்வது. குடி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கச் சான்று இல்லாமல் நடக்காது. அதன் பெயர் "வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்". உச்சரிக்க வராவிட்டால் போனில் எழுத்தைக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள். குறுகிய நாளுக்கு விடும் விடுமுறை அறைகள் பலவற்றில் இந்தச் சான்று தரமாட்டார்கள். வாடகை ஒப்பந்தம் இருக்கிறதே என்று காட்டினால் நகராட்சியில் அதை ஏற்கமாட்டார்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், மற்ற எல்லாம் இதன் பின்னால்தான் வருகிறது. பதிவு செய்த சில வாரங்களில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது கம்பெனிக்குப் போய்ச் சேராவிட்டால் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பின்படி பிடித்துவிட வாய்ப்பு உண்டு. அதுதான் இருப்பதிலேயே அதிகப் பிடித்தம். பின்னால் திரும்ப வரும், ஆனால் வந்த புதிதில் காசு தேவைப்படும் நேரத்தில் வராது. பல வங்கிகள் பதிவுச் சான்றைக் கேட்கும். குடியிருப்பு அட்டைக்கான அலுவலகமும் கேட்கும். ஆகவே விமான டிக்கெட் போட்டதுமே நகராட்சி இணையதளத்தில் பதிவுக்கான நேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். நகர எல்லைக்குள் என்றால் "பியூர்கர்பியூரோ", பக்கத்து ஊர் என்றால் அந்த ஊரின் நகராட்சி. கணவனோ மனைவியோ கூட வந்தால் திருமணச் சான்றிதழ் அசலையும் எடுத்துப் போங்கள்.

அப்புறம், யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒரு விஷயம். இங்கே சாதாரண அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கிடையாது. கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பெயர், அவ்வளவுதான். பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். நமக்கு இதில் கூடுதல் தொல்லை: இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தால் வரித் துறை அப்பா பெயருக்குத்தான் கடிதம் போடும். பெட்டியில் உங்கள் பெயர் மட்டும் ஒட்டியிருந்தால் வீண். இரண்டு பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில் ஒட்டுங்கள். வேறொருவர் வீட்டில் அறை எடுத்திருந்தாலும் அனுமதி கேட்டு ஒட்டிவிடுங்கள். வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண் எல்லாமே தனித்தனிக் கடிதமாக வரும் நாடு இது.

முகவரி ஆயிற்று. இனி நிதானமாக வீடு தேடலாம்.

ஸ்டுட்கார்ட் என்ற பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். நகரம் மலைகள் சூழ்ந்த குழிக்குள் இருக்கிறது. நடுவில் இடம் குறைவு, வாடகை அதிகம். அதைவிட முக்கியம், வேலை நடக்கும் இடங்கள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. போர்ஷே சுஃபன்ஹவுசனில், மெர்சிடிஸின் பெரிய ஆலை சிண்டல்ஃபிங்கனில், பாஷ் ஃபாயர்பாக்கிலும் ஷ்வீபர்டிங்கனிலும் ரென்னிங்கனிலும். ஊர் பெயரை விட்டுவிட்டு எஸ்-பான் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். ரென்னிங்கனில் வேலை என்றால் எஸ்6 பாதையில் லியோன்பெர்க், வைல் டெர் ஷ்டாட் வரை பார்க்கலாம். எஸ்1 பாதையில் ஒரு பக்கம் பியூப்லிங்கன், ஹெர்ரன்பெர்க். மறுபக்கம் எஸ்லிங்கன், அதையும் தாண்டிக் கிர்ஹைம் வரை. நான் எஸ்லிங்கன் பக்கம் இருக்கிறேன், சொல்லத் தேவையில்லை, அதற்குத்தான் சிபாரிசு செய்வேன்.

இம்மோஸ்கவுட்24, இம்மோவெல்ட், க்ளைன்அன்சைகன், பகிர்வு அறைகளுக்கு டபிள்யூஜி-கெசூக்ட் ஆகியவை எல்லோரும் பார்க்கும் தளங்கள். எல்லாவற்றிலும் அறிவிப்பு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வீட்டு விளம்பரம் மாலைக்குள் மறைந்துவிடும். விளம்பரத்தைப் படிக்கும்போது இவற்றைப் பாருங்கள்.

அறைக் கணக்கு நம் கணக்கல்ல. ஹாலையும் சேர்த்து எண்ணுவார்கள், சமையலறையையும் குளியலறையையும் எண்ணமாட்டார்கள். நம் 2 பிஎச்கே இங்கே மூன்று அறை வீடு. "கால்ட்" என்று போட்டிருப்பது வெறும் வாடகை. "வார்ம்" என்றால் சூடேற்றல், தண்ணீர், குப்பை போன்ற செலவுகள் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. "டபிள்யூபிஎஸ்" வேண்டும் என்று இருந்தால் அது குறைந்த வருமானச் சான்று வைத்திருப்பவர்களுக்கான வீடு, கடந்து போய்விடுங்கள். "ஈபிகே" என்று இருந்தால் சமையலறை பொருத்தியிருக்கிறது என்று அர்த்தம். இந்த மூன்றெழுத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள், ஏனென்றால் அது இல்லாத வீடுகளில் சமையலறை என்பது நாலு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். சிங்க், அடுப்பு, அலமாரி எதுவும் இருக்காது. கூரையில் விளக்குக்குப் பதிலாக இரண்டு கம்பி தொங்கும். போகிற குடித்தனக்காரர் தன் சமையலறையை உங்களுக்கு விற்கப் பார்ப்பார். விலை நியாயமாக இருந்தால் வாங்கிவிடுங்கள், புதிதாகப் போட்டால் பணமும் போகும், பல வாரமும் போகும்.

இனி காகிதங்கள். இங்கே வீட்டுக்காரர் தேடுவது மாதம் பிறந்தால் வாடகை தரும், தொந்தரவு தராத ஆளை. அதைக் காட்டும் காகிதங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேர்த்துத் தயாராக வைத்திருங்கள்: வேலை ஒப்பந்தம், கிடைத்தவரை சம்பளச் சீட்டுகள் (மூன்று கேட்பார்கள்), பாஸ்போர்ட்டும் விசாவும், தற்காலிக வீட்டுக்காரரிடம் வாடகை பாக்கியில்லை என்று ஒரு கடிதம், "ஷூஃபா" என்னும் கடன் நம்பக அறிக்கை. புதிதாக வந்தவர்களுக்கு ஷூஃபாவில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அதை மறைக்காமல், இந்த ஆண்டுதான் வந்தேன் என்று எழுதி, கம்பெனியின் மனிதவளப் பிரிவிடமிருந்து வேலை நிரந்தரமானது என்று ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். கையில் வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை இருக்கிறதா என்று பல வீட்டுக்காரர்கள் கணக்குப் போடுவார்கள். கையில் வருவது என்றேன். ஒப்பந்தத்தில் உள்ள தொகையில் வரியும் காப்பீடும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடலாம்.

விண்ணப்பக் கடிதத்தை ஜெர்மனில் எழுதுங்கள். ஆறேழு வரி போதும்: பெயர், வேலை, எங்கே, எத்தனை பேர் குடிவருகிறோம், புகைப்பழக்கம் இல்லை, நாய் பூனை இல்லை, எப்போதிலிருந்து வேண்டும், எவ்வளவு காலம் இருக்க எண்ணம். கடைசி வரி முக்கியம். ஒரே ஆண்டில் கிளம்பிவிடுவோமோ என்பது அவர்களுடைய பெரிய கவலை. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்தாலும் ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். 1980களில் வந்து இங்கேயே வேரூன்றிய ஈழத் தமிழர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் ஜெர்மன் இந்த ஊர்க்காரர்களுடைய ஜெர்மன். எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடை அக்கா, மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டே, புதிதாக வந்த ஒரு பையனுக்காக வீட்டுக்காரரிடம் இந்த வட்டாரப் பேச்சான ஷ்வேபிஷ் வழக்கில் போன் பேசினார். பார்க்க வரச் சொன்னார்கள். இந்திய ஐடிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் சுற்றாமல் அந்தக் கடைகளிலும் போய் நில்லுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது ஐந்து நிமிடம் முன்னால் போங்கள், கதவு மணியைச் சொன்ன நேரத்தில் அடியுங்கள். வாடகையில் பேரம் பேச வேண்டாம், அந்தப் பழக்கம் இங்கே எடுபடாது. இந்தியக் குடும்பம் என்றதும் சிலர் சமையல் வாசனையைப் பற்றிச் சுற்றிவளைத்துக் கேட்பார்கள். கோபம் வரும். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைப்போம் என்று சொல்லிவிட்டு, அந்த வீடு வேண்டுமா என்பதைப் பிறகு யோசியுங்கள். நானாக இருந்தால் இரண்டாவது முறையும் அதையே கேட்கிறவர் வீட்டுக்குப் போகமாட்டேன்.

மோசடிக்காரர்கள் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: வீடு நடுநகரில், வாடகை பாதி, நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன், வீட்டை நீங்களோ நம்பகமான ஒருவரோ நேரில் பார்க்கும் முன், ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் நகலையும் கண்டவர்களுக்கு அனுப்ப வேண்டாம்.

முன்பணத்தில் ஒரு நிம்மதி உண்டு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே சட்டப்படி உச்சவரம்பே மூன்று மாதக் கால்ட் வாடகைதான். அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும். தரகர் கூலியும் 2015 ஜூன் முதல் தரகரை அமர்த்தியவர் தலையில்தான். வீட்டுக்காரர் அமர்த்திய தரகர் உங்களிடம் கமிஷன் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது, குறைந்தபட்சம் இத்தனை காலம் காலிசெய்ய மாட்டேன் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதை. ஒரு வருடம் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் வேலை மாறினால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் மூன்று மாத முன்னறிவிப்பு போதும்; ஆனால் அது காகிதத்தில், பேனாவால் கையெழுத்துப் போட்டு, மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் கையில் சேர வேண்டும். ஈமெயில் செல்லாது. "ஷ்டாஃபல்" என்று இருந்தால் வாடகை குறித்த தேதிகளில் தானாக ஏறும் வகை, "இண்டெக்ஸ்" என்று இருந்தால் விலைவாசிக் குறியீட்டை வைத்து வீட்டுக்காரர் எழுத்தில் சொல்லி ஏற்றும் வகை என்று புரிந்துகொள்ளுங்கள்.

சாவி வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். ஒப்படைப்புக் குறிப்பு ஒன்று எழுதுவார்கள். சுவரில் ஆணி ஓட்டை, தரையில் கீறல், குளியலறை மூலையில் கறுப்பு, மீட்டர் அளவுகள், சாவி எண்ணிக்கை எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, போட்டோவும் எடுங்கள். சாவியைத் தொலைத்தால் கட்டடத்துப் பூட்டுகள் அத்தனையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். அதற்காகவே, நம்மால் பிறருக்கு ஏற்படும் சேதத்தை ஈடுகட்டும் "ஹாஃப்ட்ப்ஃபிளிஹ்ட்" காப்பீடு எடுங்கள், சாவி தொலைவதும் அதில் சேருகிறதா என்று கேட்டு எடுங்கள்.

குடிவந்த பிறகு அக்கம்பக்கத்தாரின் மனதைப் பிடிக்க இந்த ஊரில் ஒரு வழி இருக்கிறது, அதன் பெயர் "கேர்வோகெ". முறை வைத்துப் படிக்கட்டும் நடைபாதையும் பெருக்குவது. உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும். பனிக்காலத்தில் பனி ஒதுக்குவதும் உங்களுடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும், மற்ற நாட்களில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையிலும் சத்தம் கூடாது. நம்ம ஊர் மிக்ஸி, கிரைண்டர் இங்கே நன்றாகவே ஓடும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இரண்டு பக்கமும் ஒன்றுதான். எர்த் உள்ள அடாப்டர் மட்டும் போதும். ஆனால் இட்லி மாவை சனிக்கிழமை மாலைக்குள் அரைத்து முடித்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் ஜன்னலை இறுக்கி மூடிக்கொண்டு இட்லி அவித்தால் சுவரில் பூஞ்சை வரும். முன்பணத்தில் கை வைப்பார்கள். தினமும் இரண்டு மூன்று தடவை, ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னலை அகலமாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று விடுங்கள். ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் சும்மா சாய்த்து வைப்பதில் பயனில்லை.

இரண்டு கடிதங்கள் உங்களைத் தேடி வரும். ஒன்று ஒலிபரப்புக் கட்டணம். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், அவருடைய கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கிப் பதில் எழுதிவிடுங்கள். மற்றது ஆண்டுக் கணக்கு: நீங்கள் மாதாமாதம் கட்டிய சூடேற்றல், தண்ணீர்ச் செலவுக்கும் உண்மையில் ஆனதற்கும் உள்ள வித்தியாசம். முதல் குளிர்காலத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் கூடுதல் பணம் கேட்டுத்தான். கணக்கு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வீட்டுக்காரர் அனுப்பியிருக்க வேண்டும், தாமதமானால் பொதுவாகக் கூடுதல் பணம் கேட்க முடியாது. வந்த பிறகு ஆட்சேபம் சொல்ல உங்களுக்கும் 12 மாதம் உண்டு. எண்கள் இடித்தால் "மீட்டர்ஃபெராய்ன்" என்னும் குடித்தனக்காரர் சங்கத்தில் ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்து, கணக்கைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.