கிராணி மாமாவின் கணினி ஏன் நகரவில்லை? மெதுவான வீட்டுக் கணினிக்கும் பிரவுசருக்கும் ஒரு செய்முறை

போன மாதம் கிராணி மாமா போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுப் போய்ப் பசியாறிட்டு வந்து பார்க்கிறேன், இன்னமும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. ஈப்போவுல ஒரு கடையில கேட்டேன். புதுசு வாங்கிடுங்கங்கிறான். வாங்கிடவா?"

"வாங்காதீங்க மாமா, ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றேன்.

மாமா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, இருந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகள் காலியாகி, இப்போது பட்டணத்துத் தாமான் வீட்டில் இருக்கிறார். செக்ரோல் (ஆட்களின் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதிய கை சும்மா இருக்குமா? கோயில் கணக்கு முழுவதும் எக்செலில் அவர் பொறுப்பு. பேத்தி எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதப் போகிறாள், அவளுக்கும் அதே கணினிதான். அன்று நான் பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். பிரவுசர் என்றால் குரோமை மனத்தில் வைத்திருக்கிறேன். எட்ஜிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

தொடங்கும் முன் ஒரு நிபந்தனை. நோய் என்னவென்று தெரியும்வரை எதையும் அழிக்காதீர்கள். 'கிளீனர்', 'பூஸ்டர்' என்று வரும் எந்த மென்பொருளையும் இறக்காதீர்கள். மாமாவின் கணினியில் அப்படி மூன்று இருந்தன. மூன்றும் காலையிலேயே எழுந்து உட்கார்ந்து, கணினியைச் சுத்தம் செய்கிறேன் என்று அதன் மூச்சை வாங்கிக்கொண்டிருந்தன.

படி 1: குற்றவாளி யார்?

கணினி மெதுவாக இருப்பது வேறு, பிரவுசர் மெதுவாக இருப்பது வேறு, இணைய லைன் மெதுவாக இருப்பது வேறு. நாம் மூன்றையும் "ஸ்லோ" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில், கணினி நகரவில்லை என்று இணையத் திட்டத்தை உயர்த்தி மாதாமாதம் கூடுதல் வெள்ளி கட்டினார்கள். பிள்ளைகளின் போனில் வீடியோ பறந்தது. கணினி அப்படியே கிடந்தது.

இணையமே தேவைப்படாத ஒன்றைத் திறந்து பாருங்கள்: ஒரு எக்செல் கோப்பு, நோட்பேட், போட்டோக்கள் இருக்கும் ஃபோல்டர். அதுவே திறக்கத் திணறினால் கோளாறு கணினியில். அது சட்டென்று திறந்து, இணையப் பக்கம் மட்டும் இழுத்தால், அதே வைஃபையில் இருக்கும் போனில் அதே பக்கத்தைத் திறங்கள். போனிலும் இழுத்தால் லைன் அல்லது வைஃபை. போனில் உடனே வந்தால் பிரவுசர்.

மாமா வீட்டில் கோயில் கணக்குக் கோப்பு திறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. சரி, கணினிதான்.

படி 2: அடைத்தால் போதாது, ரீஸ்டார்ட் செய்யுங்கள்

"தினமும் ராத்திரி அடைச்சிட்டுத்தானே தம்பி படுக்கிறேன்" என்றார் மாமா. பொய்யில்லை. ஆனால் பல கணினிகளில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயல்பாகவே போட்டிருக்கும். ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் தன் உள்பகுதியின் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்திரிக்கும். நேற்றைய சிக்கலும் கூடவே எழுந்திரிக்கும். முழுதாகப் புதிதாய்த் தொடங்குவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான்.

உங்கள் கணினி கடைசியாக எப்போது நிஜமாகப் புதிதாய்த் தொடங்கியது என்று பார்க்கலாம். அடுத்த படியில் திறக்கப்போகும் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் சிபியு (கணினியின் மூளை) மேல் சொடுக்குங்கள். கீழே 'அப் டைம்' என்று ஒரு எண் ஓடும். மாமாவின் கணினியில் அது 41 நாள் காட்டியது. ரீஸ்டார்ட் செய்தோம். கொஞ்சம் முன்னேற்றம், அவ்வளவுதான். சில வீடுகளில் வேலை இதோடு முடிந்துவிடும்.

படி 3: டாஸ்க் மேனேஜரைத் திறந்து உட்கார்ந்து பாருங்கள்

இந்தப் பதிவிலேயே முக்கியமான இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீட்டெயில்ஸ்' சொடுக்குங்கள். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு பத்திகள், தலையில் சதவீதம். எந்தப் பத்தியின் தலையில் சொடுக்கினாலும் அதை அதிகம் தின்னும் நிரல் மேலே ஏறிவரும்.

கணினி எழுந்த உடனே பார்க்காதீர்கள். முதல் பத்து நிமிடம் எல்லாக் கணினியும் ஓடும். விண்டோஸ் அப்டேட் தேடும், ஆன்டிவைரஸ் சோதிக்கும். அது அடங்கிய பிறகும் எந்தப் பத்தி 90க்கு மேல் நிற்கிறது என்பதே கேள்வி.

சிபியு நின்றால், பெரும்பாலும் ஒரே ஒரு நிரல் பிசகியிருக்கும். பெயர் தெரிந்த நிரல் என்றால் மூடிவிட்டுத் திறங்கள். பெயர் தெரியாததை 'எண்ட் டாஸ்க்' கொடுத்து விளையாட வேண்டாம்.

மெமரியும் டிஸ்கும்தான் நம் ஊர்ப் பழைய கணினிகளின் தீராத வியாதி. மாமாவுக்கு அவர் ஆபீசை வைத்தே விளக்கினேன். ரேம் என்பது உங்கள் மேசை. டிஸ்க் என்பது பின்னறை அலமாரி. மேசை அகலமாக இருந்தால் நாலு பேரேட்டையும் விரித்து வைத்து எழுதலாம். மேசை சின்னது என்றால், ஒன்றை எடுக்க இன்னொன்றைப் பின்னறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எழுதுகிற நேரத்தைவிட நடக்கிற நேரம் அதிகமாகிவிடும். கணினியும் ரேம் நிறைந்ததும் இதையே செய்கிறது. மேசையில் இடமில்லாததை டிஸ்கில் ஒரு கோப்பில் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப இழுக்கிறது. மாமாவின் கணினியில் 4 ஜிபி ரேம். விண்டோஸ் உட்காரவே அதில் பாதி போய்விடும்.

டிஸ்க் பத்தியில் பலர் குழம்புவார்கள். தலையில் 100 சதவீதம் சிவந்து நிற்கும், கீழே பார்த்தால் ஏதோ நொடிக்கு 2 எம்பி, 3 எம்பிதான் போய்க்கொண்டிருக்கும். இவ்வளவு குறைவான சாமானுக்கா இத்தனை மூச்சிரைப்பு? அந்த 100 என்பது அளவல்ல, நேரம். டிஸ்க் ஒரு கணமும் ஓயாமல் வேலை செய்கிறது என்று அர்த்தம். பழைய ஹார்ட் டிஸ்க் சுழலும் தட்டு. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. படிக்கும் ஊசி ஒவ்வொரு துண்டுக்கும் இடம் மாறி, தட்டு சுற்றிவரக் காத்திருக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடும்போது நொடிக்கு நூறு துண்டுகூடத் தேறாது. எஸ்எஸ்டி என்ற புதிய வகை டிஸ்கில் சுழல்வதும் இல்லை, ஊசியும் இல்லை. அதே நொடியில் ஆயிரக்கணக்கில் எடுத்துவிடும்.

உங்களிடம் இருப்பது எது? 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க் பெயருக்குக் கீழே எச்டிடி (பழைய ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி என்று போட்டிருக்கும். அங்கேயே மெமரியைச் சொடுக்கினால் ரேம் செருக எத்தனை இடம், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் தெரியும். மாமாவுக்கு எச்டிடி. ரேமுக்கு இரண்டு இடம், ஒன்று காலி. நல்ல சகுனம்.

படி 4: காலையில் யார் யார் எழுந்திரிக்கிறார்கள்?

அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதி. கணினி எழும்போது கூடவே எழும் நிரல்களின் பட்டியல் இது. பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வேலைக்காரர் வரலாம், வேடிக்கை பார்க்கிறவர் எதற்கு? இசை, விளையாட்டு, அரட்டைச் செயலிகள், பிரிண்டரின் விளம்பரப் பெட்டி, அந்த மூன்று கிளீனர்கள் எல்லாவற்றையும் மௌசின் வலது பொத்தானால் சொடுக்கி 'டிசேபிள்' கொடுங்கள். நிரல் அழியாது, நாம் கூப்பிடும்போது மட்டும் வரும். ஆன்டிவைரஸ், ஒலி, டச்பேட் தொடர்பானவற்றைத் தொடாதீர்கள்.

ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பேர் சோதிப்பார்கள். கணினி வாங்கும்போது இலவசமாக வந்து, காலாவதியாகி, தினமும் "புதுப்பியுங்கள்" என்று நச்சரிப்பதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

படி 5: பிரவுசர்

குரோமுக்கு வெளியே ஒரு டாஸ்க் மேனேஜர் இருப்பது போல, குரோமுக்கு உள்ளேயே தனியாக ஒன்று உண்டு. குரோம் திறந்திருக்கும்போது ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்) எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று பெயரோடு வரும். பேத்தி 37 டேப் திறந்து வைத்திருந்தாள். "எல்லாம் பாடம் சம்பந்தப்பட்டது அண்ணா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

டேபை மூட மனம் வராதவர்களுக்கு ஒரு வழி: குரோம் செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' போய் 'மெமரி சேவர்' போட்டுவிடுங்கள். ரொம்ப நேரம் பார்க்காத டேபை அது தூங்கவைக்கும், சொடுக்கினால் மறுபடி ஏற்றும்.

அடுத்து எக்ஸ்டென்ஷன். கண்ட்ரோல், ஷிஃப்ட், N மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் மறைநிலைச் சாளரம் திறக்கும். அங்கே நீங்களாக அனுமதி கொடுக்காதவரை எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது. வழக்கமாக இழுக்கும் பக்கம் அங்கே விர்ரென்று வந்தால் குற்றவாளி ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துப் பிடியுங்கள். கூப்பன் தருகிறேன், பிடிஎஃப் மாற்றித் தருகிறேன் என்று வந்தவற்றில் இருந்து தொடங்கலாம்.

மாமாவை அதிகம் பயமுறுத்தியது வேறு. திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று அடிக்கடி ஒரு பெட்டி. அது வைரஸ் இல்லை. எப்போதோ நாடகம் பார்க்கப் போன ஏதோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறது, யாரோ 'அலவ்' அழுத்தியிருக்கிறார்கள். குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', பிறகு 'சைட் செட்டிங்ஸ்', பிறகு 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அனுமதிப் பட்டியலில் தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினேன். பெட்டி நின்றது. அந்தப் பெட்டியைச் சொடுக்கி, அதில் வரும் எண்ணுக்குப் போன் மட்டும் செய்துவிடாதீர்கள்.

கேஷ் (பார்த்த பக்கங்களின் துண்டுகளைப் பிரவுசர் சேமித்துவைக்கும் இடம்) அழிப்பதைப் பலர் சர்வரோக நிவாரணியாகச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கேஷ் இருப்பதே பக்கம் சீக்கிரம் வரத்தான். அழித்தால் முதல் தடவை எல்லாமே மெதுவாகத்தான் வரும். ஏதாவது ஒரு தளம் கோணலாகத் தெரிந்தால் மட்டும் அழியுங்கள். அப்போதும் பாஸ்வேர்ட் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 6: இடம், தூசி, வைஃபை

சி டிரைவ் நிரம்பி வழிந்தால் விண்டோஸுக்குக் கை கால் ஆடாது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்' போய் அங்கிருந்து அழியுங்கள். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். அதில் டிக் வைத்தால் நீங்கள் இறக்கிவைத்த எல்லாமே போய்விடும். மாமா தன் இபிஎஃப் (சேமநிதி) அறிக்கைகளையும் கோயில் ரசீதுகளையும் அங்கேதான் வைத்திருந்தார்!

காற்றாடி கத்துகிறது, கணினி சுடுகிறது என்றால் தூசி. சூடு ஏறினால் சிபியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மென்மையான தூரிகையால் துடையுங்கள். செம்மண் தூசி எதிர்பார்த்தேன். காய்ந்த பல்லி ஒன்றும் கிடைத்தது.

வைஃபை பெயர் இரண்டாகத் தெரிந்தால், மோடம் இருக்கும் அறையில் 5 கிகாஹெர்ட்ஸ், சுவர் தாண்டி உள்ள அறையில் 2.4. முன்னது வேகம், பின்னது தூரம் போகும்.

படி 7: காசு செலவழிப்பதென்றால் எங்கே?

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள். இன்னும் கொஞ்சம் இருந்தால், 4 ஜிபி ரேமை 8 ஆக்குங்கள். கடைக்குப் போகும் முன் முக்கியமான கோப்புகளைத் தம்ப் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். பழைய டிஸ்கை அப்படியே 'குளோன்' செய்து தரச் சொன்னால், திரையில் இருக்கும் ஐகான்கூட இடம் மாறாது. வயதானவர்களுக்கு அதுவே நல்லது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குப் பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மாமாவின் கணினியில் இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 பொதுவாகக் கேட்பது எட்டாம் தலைமுறையிலிருந்து. அதனால் இந்த எஸ்எஸ்டி செலவு கணினியின் ஆயுளை நீட்டும், நிரந்தரமாக்காது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வங்கி வேலைகளைப் போனில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

எஸ்எஸ்டி மாற்றிய பிறகு மாமாவின் கோயில் கணக்குக் கோப்பு இரண்டு மூன்று வினாடியில் திறந்தது. கழற்றிய பழைய டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். யுஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதில் போட்டு, குறைந்தது மூன்று மாதம் பத்திரப்படுத்துங்கள். குளோனில் ஏதாவது விடுபட்டிருந்தால் அப்போதுதான் தெரியவரும். மாமா அதன்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, தேதி போட்டு, "கோயில் கணக்கு, பழையது, அழிக்க வேண்டாம்" என்று செக்ரோல் கையெழுத்தில் எழுதி, சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.