ஈரானியரை அரபு ஆக்காதீர்கள்

வளைகுடாவுக்குப் போகும் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு இது: பெயர்ப்பலகை எழுத்து ஒன்றுபோல இருந்தால் மொழியும் ஒன்றே என்று முடிவுகட்டுவது. துபாயில் ஓர் ஈரானியக் கடைக்காரரிடம் "நீங்க அரபுதானே?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். ஈரானின் மொழியான பாரசீகம் இந்திக்குத் தூரத்து உறவு. அரபுக்கு ஹீப்ருதான் சொந்தம். அரபிலிருந்து பாரசீகம் சொற்களை அள்ளிக்கொண்டது உண்மை. எழுத்தையும் வாங்கி, கூடுதலாக நான்கு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இலக்கணம் வேறு. அரபில் வினைச்சொல்லே ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். பாரசீகத்தில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே 'ஊ'தான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழையே அரபு எழுத்தில் எழுதி 'அர்வி' என்றார்களே, அது அரபு ஆகிவிடுமா?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஈரானில் எல்லோருக்கும் தாய்மொழி பாரசீகம் இல்லை. தப்ரீஸில் வீட்டுமொழி அஜர்பைஜானி, குசெஸ்தானில் பலருக்கு அரபு. மேற்கே குர்து. அதைப் 'பாரசீகத்தின் வட்டார வழக்கு' என்று குர்துக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். துருக்கியில் 1991 வரை அந்த மொழியில் புத்தகம் அச்சிடவே சட்டம் விடவில்லை. ஈராக்கில் 2005 அரசியலமைப்பு அரபோடு அதையும் ஆட்சிமொழி ஆக்கியது.

புத்தக அரபை மனப்பாடம் செய்துகொண்டு கெய்ரோ சந்தையில் "மாதா துரீத்?" (என்ன வேண்டும்?) என்று கேட்டால், செய்தி வாசிப்பதுபோல இருக்கும். அங்கே "ஆயிஸ் ஏ?" என்பார்கள். தொழிலாளர் கேம்ப்பில் கற்ற "மாஃபி மாலூம்" (தெரியாது) வகை அரபும் வேலைக்கு உதவும்தான். ஆனால் அந்தப் பழக்கத்தில் பெண் அதிகாரியையும் 'இன்த' என்று ஆண்பாலில் அழைப்பவர்கள் ஏராளம். 'இன்தி' என்று சொல்லப் பழகுங்கள்.

தெஹ்ரான் போனால் 'தாரோஃப்' என்ற உபசாரத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். டாக்ஸியை விட்டு இறங்கி எவ்வளவு என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்குங்க" என்ற தொனியில் "காபெலி நதாரே" என்பார் ஓட்டுநர். நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினால் அவமானம் அவருக்கல்ல, உங்களுக்குத்தான். வற்புறுத்துங்கள், இரண்டாவது, மூன்றாவது தடவையில் தொகையைச் சொல்லிவிடுவார். வீட்டில் ஒரு பொருளை 'அழகா இருக்கே' என்று பாராட்டினால் "பீஷ்கெஷ்" என்று உங்களுக்கே நீட்டுவார்கள். அதைக் கையில் வாங்காதீர்கள். தேநீருக்கு அழைத்தால் ஒருமுறை தயங்கிவிட்டு, மறுபடி சொன்னதும் உட்கார்ந்துவிடலாம்.