குடி, குடும்பம், கொலஸ்ட்ரால்: ரிப்போர்ட்டைத் தப்பாகப் படிக்க வைக்கும் தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ லேப்பில் வாங்கும் லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்பு டெஸ்ட்) ரிப்போர்ட்டில் ஐந்தாறு எண்கள் இருக்கும், பக்கத்தில் நார்மல் அளவும் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த எண்களுக்கு அர்த்தம் கொடுக்கும் இரண்டு விவரங்கள் அதில் அச்சாவதில்லை. கடந்த சில நாட்களில் எவ்வளவு குடித்தார் என்பது ஒன்று. ரத்த சொந்தத்தில் யாருக்கு, எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்பது இன்னொன்று. டாக்டர் கேட்டால் முதலாவதற்கு 'எப்பவாவது' என்றும், இரண்டாவதற்கு 'அப்படி யாருக்கும் இல்லையே' என்றும் பதில் வருகிறது. இரண்டுமே பெரும்பாலும் பாதி உண்மைதான்.

'ரெண்டு பெக் நெஞ்சுக்கு நல்லது'

இந்த நம்பிக்கை வெறும் வாயில் வந்ததல்ல. குடித்தால் எச்டிஎல் எனும் 'நல்ல கொழுப்பு' கொஞ்சம் கூடும், அது உண்மை. ஆனால் அந்த எண் கூடுவதால் இதயம் தப்பிக்கிறதா என்று பார்த்தபோதுதான் கதை மாறியது. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 70 சதவீதத்துக்கும் மேல் ஏற்றியது. சுமார் 15,000 பேரிடம் நடந்த அந்தச் சோதனையை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தினார்கள். காரணம், மருந்து சாப்பிட்டவர்களில்தான் சாவு அதிகம். 2012-ல் வந்த மரபணு ஆய்வும் அதே பக்கம்தான் கை காட்டியது: பிறவியிலேயே எச்டிஎல் கூடுதலாக இருக்கும் ஒரு மரபணு மாற்றம் கொண்டவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை.

அப்படியென்றால் 'அளவாகக் குடிப்பவர் நலமாக இருக்கிறார்' என்று பழைய ஆய்வுகள் சொன்னது எப்படி? உடம்பு கெட்டதால் குடியை விட்டவர்களையும் 'குடிக்காதவர்' கணக்கில் சேர்த்துவிட்டது ஒரு காரணம். அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் யாரும் நலமாகத்தான் தெரிவார்கள். மதுவை உடம்புக்கு ஒவ்வாததாக்கும் ஏடிஎச்1பி மரபணு மாற்றம் உள்ளவர்கள் இயல்பிலேயே குறைவாகக் குடிப்பார்கள். அவர்களுக்கு இதயநோய் குறைவு என்று 2014-ல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. கொஞ்சமாகக் குடிப்பவர்களிலும் இன்னும் குறைவாகக் குடித்தவருக்கே ஆதாயம். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது.

ஆகவே, குடிக்கிற ஒருவரின் ரிப்போர்ட்டில் எச்டிஎல் 60, 65 என்று இருந்தால் சந்தோஷப்பட அதில் எதுவும் இல்லை. அது மது எழுதிய எண்ணாக இருக்கலாம்.

அளவிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. வீட்டில் ஊற்றும் பெக் யாருக்கும் 30 மி.லி. ஆக இருப்பதில்லை. 42.8 சதவீத பிராந்தி 30 மி.லி.யில் சுத்தமான ஆல்கஹால் 10 கிராம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி., கிட்டத்தட்ட 61 கிராம், 425 கலோரி. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் 41 கிராம். 'பீர்தானே' என்பவர் நாலு பெக் குடித்திருக்கிறார். டாக்டரிடம் பெக் கணக்கு வேண்டாம். எத்தனை மி.லி., வாரத்தில் எத்தனை நாள் என்று சொல்லுங்கள்.

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டிப் போய் குடிக்கும் கள்ளும் இதே கணக்கில்தான் வரும். 'இயற்கையானது' என்பதால் கல்லீரல் அதற்குத் தனி வழி வைத்திருக்கவில்லை. இறக்கி நேரம் ஆக ஆக புளித்து வீரியமும் ஏறும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீர் வேறு. அதில் போதை இல்லை, சர்க்கரை உண்டு.

டெஸ்டுக்கு முந்தின இரவு

பல லேப்களில் எல்டிஎல் எனும் 'கெட்ட கொழுப்பு' நேரடியாக அளக்கப்படுவதில்லை, கணக்குப் போட்டு எழுதப்படுகிறது. மொத்த கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடு எனும் இன்னொரு வகை ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். முந்தின இரவின் குடியும் டச்சிங்ஸும் சேர்ந்து டிரைகிளிசரைடை ஏற்றிவிடும். கல்லீரல் ஆல்கஹாலை எரிக்கும் வேலையில் இறங்கும்போது கொழுப்பை எரிப்பது நின்று, அது ரத்தத்துக்குள் தள்ளப்படுகிறது. மிக அதிகமானால் லேப்பில் ரத்தம் எடுத்த டியூபில் மேலே தெளியும் மஞ்சள் நீர், பால் கலந்தது போல் வெளுத்துத் தெரியும்.

கணக்கு எப்படிப் புரளுகிறது பாருங்கள். மொத்தம் 240, எச்டிஎல் 45, டிரைகிளிசரைடு 350 என்றால், 240-இல் 45-ம் 70-ம் போக எல்டிஎல் 125. 'பரவாயில்லை' என்று தோன்றும். ஆனால் எச்டிஎல்லை மட்டும் கழித்தால் வருவது 195. ரத்தக்குழாயைக் கெடுக்கும் கொழுப்பு மொத்தமும் அதற்குள் அடக்கம். இதன் பெயர் நான்-எச்டிஎல். ரிப்போர்ட்டில் இல்லாவிட்டாலும் நீங்களே கழித்துப் பார்க்கலாம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்த எல்டிஎல் கணக்கே செல்லாது. 'டைரக்ட் எல்டிஎல்' கேட்டு எடுக்க வேண்டும்.

டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து மது வேண்டாம். டிரைகிளிசரைடு பிரச்சினை உள்ளவர்கள் 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், கட்டன் சாயா கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ரிப்போர்ட் நன்றாக வரட்டும் என்று இரண்டு வாரம் நிறுத்தி, டெஸ்ட் எடுத்து, அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நிற்பது. அந்த இரண்டு வாரத்தில் டிரைகிளிசரைடு 380 என்பது 160 ஆனது என்றால் காரணம் எதுவென்று உடம்பே சொல்லிவிட்டது. அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்வது லாபம். நிறுத்திய பிறகும் 500-க்கு மேலேயே நின்றால் சர்க்கரை, தைராய்டு, மரபு என்று தேட வேண்டும். மரபிலேயே டிரைகிளிசரைடு கூடியவர் குடித்தால் ஆயிரத்தைத் தாண்டவும் செய்யும். அப்போது கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. கல்யாண வீட்டுக் குடிக்கு மறுநாள் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலியும் வாந்தியும் வந்தால், கேஸ் மாத்திரை போட்டுக் கொண்டு படுக்காதீர்கள்.

'எங்க பாட்டா எண்பத்தஞ்சு வயசு வரை குடிச்சாரு'

பாட்டாவின் மரபணுவில் பாதிதான் உங்கள் அப்பாவுக்கு, அதிலும் ஏறத்தாழ பாதிதான் உங்களுக்கு. எந்தப் பாதி வந்தது என்று யாருக்கும் தெரியாது. மறுபக்கம், குடி சிகரெட் எதுவும் இல்லாத ஒல்லியான ஆள் நாற்பதில் மாரடைப்பில் போவதும் இங்கேதான் நடக்கிறது.

குடும்பவழி ஹைப்பர்கொலஸ்ட்ரோலீமியா என்பது ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் மரபுக் குறை. எல்டிஎல்லை ரத்தத்தில் இருந்து இழுத்தெடுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் சரியாக வேலை செய்யாது. பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்பு இது. பெரியவர்களுக்கு எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். குதிகாலுக்கு மேல் உள்ள தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு போல் தடித்து, மேடுபள்ளமாக இருந்தால் காட்ட வேண்டும். 45 வயதுக்கு முன் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் விழுவதும் ஒரு அடையாளம்.

இவர்கள் செய்யும் பெரிய தவறு, 'குடியை விட்டாச்சு, எண்ணெயைக் குறைச்சாச்சு, மாத்திரை எதுக்கு' என்பது. குடியை விட்டால் டிரைகிளிசரைடும் பிரஷரும் இறங்கும். பிறவியில் வந்த எல்டிஎல் அதற்கெல்லாம் பெரிதாக மசியாது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை வேண்டும். ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் பார்த்துவிடுவது நல்லது. சொந்தத்திலேயே கல்யாணம் செய்து, இரு பக்கமும் இந்தக் குறை இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு இரட்டையாக வரும். அப்போது எல்டிஎல் 400-ஐத் தாண்டும், பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம்.

எல்பி-ஏ என்றொரு டெஸ்டும் உண்டு, எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளை அளப்பது. வழக்கமான லிப்பிட் ப்ரொஃபைலில் அது வராது, கேட்டு எடுக்க வேண்டும். இது பெரும்பாலும் மரபு எழுதும் எண். சாப்பாட்டாலோ நடைப்பயிற்சியாலோ பெரிதாக அசையாது. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். 50 மி.கி.க்கு மேல் என்றால் மற்ற எல்லாவற்றிலும் கூடுதல் கண்டிப்பு தேவை.

குடும்ப வரலாற்றைக் கேட்கும் விதத்திலும் பிழை நடக்கிறது. 'யாருக்காவது ஹார்ட் அட்டாக் வந்ததா' என்றால் இல்லை என்பார்கள். 'வாயு அடைச்சுப் போயிட்டாரு', 'கல்ஃப்ல ரூம்ல உறக்கத்துல இறந்துட்டான்' என்பவை தனிக்கதையாக இருக்கும். யார் திடீரென்று இறந்தார், எத்தனை வயதில் என்று கேளுங்கள். அப்பா, சகோதரனுக்கு 55-க்கு முன், அம்மா, சகோதரிக்கு 65-க்கு முன் என்றால் அது கணக்கில் வரும்.

எண்ணெயும் மாத்திரையும்

தேங்காயெண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று இருப்பது பொய்யல்ல, எந்தத் தாவர எண்ணெயிலும் இல்லை. ஆனால் அதில் 90 சதவீதம் வரை பூரிதக் கொழுப்பு. மற்ற பல எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்டிஎல்லை சராசரி 10 மி.கி. வரை கூட்டுகிறது. அவியலுக்கு மேலே ஒரு ஸ்பூன் ஊற்றுவது வேறு, ஏத்தங்காய் சிப்ஸும் பொரித்த மீனும் தட்டு தட்டாக உள்ளே போவது வேறு. சாளை மீனைப் பொரிக்காமல் கறியாக வையுங்கள்.

குடிக்கிற அன்று கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. எல்டிஎல் கூடியவருக்கு நஷ்டம் அதில்தான் அதிகம். கல்லீரல் டெஸ்ட் செய்து டாக்டர் சொன்னால் ஒழிய நிறுத்த வேண்டாம். உண்மையில் பயப்பட வேண்டிய சேர்க்கைகள் வேறு: நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் பிரஷர் சட்டென்று விழும், ஆஸ்பிரினும் மதுவும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியலாம். நெஞ்சு அடைத்து வியர்க்கும்போது 'ஒரு கிளாஸ் பிராந்தி குடிச்சா சரியாவும்' என்பது எல்லாவற்றிலும் மோசம். 108-ஐ அழைத்து, முதலில் ஈசிஜி.

தினமும் குவார்ட்டர், ஆஃப் என்று வருடக்கணக்கில் குடித்தவர் இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்தே அடியோடு நிறுத்தக் கூடாது. கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை முதல் நாளே தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் டாக்டரைப் பார்த்து, மருந்தோடு, தேவைப்பட்டால் படுக்கையில் சேர்ந்து நிறுத்த வேண்டும். தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் அப்போதே போடுவார்கள்.