கிடுக்கி எறும்பு வளர்ப்பு: இரையிலிருந்து தொடங்குங்கள்

பலா மரத்தடியில் மக்கிக் கிடக்கும் சருகை இரண்டு கை அள்ளி ஒரு வெள்ளைத் தட்டில் உதறிவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் பாருங்கள். முதலில் ஓடுவதெல்லாம் நமக்குத் தெரிந்த கூட்டம்தான்: சிற்றெறும்பு, சிலந்தி, மரவட்டைக் குஞ்சு. அவையெல்லாம் ஓரத்துக்கு ஓடி முடித்த பிறகு, இவ்வளவு நேரம் மண் துணுக்கு என்று நாம் நினைத்திருந்த ஒன்று மெதுவாகக் காலை நீட்டி எழுந்து நடக்கும். இரண்டு மில்லிமீட்டர் நீளம், துருப்பிடித்த ஆணியின் நிறம், இதய வடிவத் தலை, தலைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தாடைகள். இடுப்பில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல ஏதோ இருக்கும். அதுதான் ஸ்ட்ரூமிஜெனிஸ் என்ற பேரினத்து எறும்பு. இதற்கென்று ஒரு தமிழ்ப் பெயரை நான் கேட்டதில்லை. என் மகள் கிடுக்கி எறும்பு என்று பெயர் வைத்தாள், வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

உலகம் முழுக்க இதில் 800க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆனாலும் பெரும்பாலானவர்கள் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் இது சர்க்கரை டப்பாவுக்கு வராது, சுவரில் வரிசை கட்டிப் போகாது, தொட்டால் ஓடாமல் செத்ததுபோலச் சுருண்டு கிடக்கும். ஒரு கூட்டில் சில பத்து எறும்புகள்தான் இருக்கும், மிஞ்சிப்போனால் சில நூறு. அதனால் ஒரு முழுக் குடும்பத்தையும் உள்ளங்கை அளவு டப்பாவில் வைத்து, முட்டையிலிருந்து வேட்டைவரை எல்லாவற்றையும் பார்க்கலாம். நாகர்கோவில் பக்கம் எங்கள் தோட்டத்தில்தான் நான் ஆரம்பித்தேன். முதலில் கொண்டுவந்த இரண்டு கூடுகளும் ஒரு மாதத்துக்குள் அழிந்துபோயின. தேன் வைத்தேன், கரப்பான் கால் வைத்தேன், முட்டை மஞ்சள்கரு வைத்தேன், எதையும் சீண்டவில்லை. எறும்புக் குஞ்சுகளான புழுக்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக் கருத்துப்போவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரம் இன்னும் மனதில் இருக்கிறது. அதனால்தான் இந்த விளக்கத்தில் எறும்பு மூன்றாவது படியில்தான் வருகிறது.

படி 1: முதலில் ஸ்பிரிங்டெயில்

கிடுக்கி எறும்பின் சாப்பாடு ஸ்பிரிங்டெயில். பூச்சட்டியைத் தூக்கினால் அடியில் வெள்ளையாகத் துள்ளும் பொடிப்பூச்சியைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். வயிற்றுக்கடியில் கவைபோல ஓர் உறுப்பை மடித்து வைத்திருக்கும். ஏதாவது பக்கத்தில் வந்தால் அதைத் தரையில் அடித்து ஒரே துள்ளலாகத் துள்ளிவிடும். இப்படித் துள்ளுகிற ஒன்றைப் பிடிப்பதற்காகவே அந்தத் தாடைகள்.

தேவையானது மரக்கரி. இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் ஒரு பை கரி கிடைக்கும், பார்பிக்யூவுக்கு விற்கும் ரசாயனம் கலந்த கரிக்கட்டி வேண்டாம். கரியைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து, நன்றாகக் கழுவி, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். கரியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ நல்லது, குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அப்புறம் பூச்சிகள். பூச்சட்டி அடிமண்ணை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மண் கீழே போய்விடும், ஸ்பிரிங்டெயில் மேலே மிதக்கும். அவற்றின் உடம்பில் தண்ணீர் ஒட்டாது. ஒரு காகித முனையால் அள்ளிக் கரிமேல் தட்டிவிடுங்கள். இருபது முப்பது போதும். நான்கைந்து அரிசி மணிகளைப் போட்டு மூடி வையுங்கள். சில நாளில் அரிசியில் பூசணம் பூக்கும், அதைத்தான் அவை மேயும். வாரம் இரண்டு தடவை மூடியைத் திறந்து காற்றுக் காட்டுங்கள். ஒன்றரை மாதம் பொறுத்தால், மூடியைத் திறந்து ஊதும்போது கரிமேல் வெள்ளைப் பொடி அலை அடிப்பதுபோலத் தெரியும். அந்த அளவுக்கு வந்த பிறகுதான் எறும்பு தேடப் போகவேண்டும். இன்னொன்று, ஒரே டப்பாவை நம்பாதீர்கள், இரண்டு வையுங்கள். ஒன்றில் பொடிச்செள்ளு புகுந்தோ காய்ந்தோ போனால் மற்றது கைகொடுக்கும்.

படி 2: வீடு

இதற்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கரித்தூளும் போதும். ஒன்பது பங்கு பிளாஸ்டருக்கு ஒரு பங்கு கரித்தூள், இரண்டையும் உலர்ந்தபடியே கலந்துகொண்டு, அப்புறம் தண்ணீர் விட்டுத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, மூடி இறுகப் பூட்டும் பத்து சென்டிமீட்டர் சதுர டப்பாவில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். கரித்தூள் எதற்கு என்றால், வெள்ளைப் பிளாஸ்டரில் வெள்ளைப் புழுவும் வெள்ளை ஸ்பிரிங்டெயிலும் கண்ணுக்கே தெரியாது. சாம்பல் நிறத் தரையில் பளிச்சென்று தெரியும்.

இறுகுவதற்கு முன்னால் அறை அமைக்கவேண்டும். பழைய ஐந்து ரூபாய் நாணயங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக டேப் போட்டு ஒட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, மேல்விளிம்பு பிளாஸ்டர் மட்டத்துக்கு வரும்வரை அழுத்துங்கள். பழைய நாணயம் 23 மில்லிமீட்டர் அகலம். மைக்ரோஸ்கோப்புக்கு விற்கும் கண்ணாடி ஸ்லைடு 25 மில்லிமீட்டர் அகலம். அதனால் ஸ்லைடை மேலே வைத்தால் அறைக்கு அளவெடுத்ததுபோல் கூரை அமைந்துவிடும். அறையின் ஒரு பக்கத்திலிருந்து ஸ்லைடு விளிம்பைத் தாண்டி ஒரு சென்டிமீட்டருக்குத் தீக்குச்சியால் அழுத்தி ஒரு தடம் போடுங்கள், அதுதான் வாசல். நன்றாக இறுகியதும் நாணயத்தை எடுத்துவிட்டு இரண்டு நாள் காயவிடுங்கள்.

காற்றோட்டத்துக்கு மூடியில் ஓட்டை போடாதீர்கள். நாம் குண்டூசியால் போடும் ஓட்டை இந்த எறும்புக்குக் கதவு மாதிரி. சின்னக் குடும்பம் என்பதால், வாரத்தில் இரண்டு மூன்று தடவை மூடியைத் திறந்தாலே வேண்டிய காற்று கிடைத்துவிடும்.

படி 3: தேடுவது

சரி, இப்போது வெளியே போகலாம். எங்கள் பக்கம் ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரண்டில் எது பெய்தாலும் மழை விட்ட மூன்றாம் நாள் நல்ல நாள். சருகு ஈரமாக இருக்கும், ஆனால் சொதசொதவென்று இருக்காது. பலா, மா, முந்திரி மரத்தடிகளும், மட்டை போட்டு மக்கிய தென்னந்தோப்பின் ஓரங்களும் எனக்குக் கைகொடுத்தவை. பெருக்கிச் சுத்தமாக வைத்த தோட்டத்தில் கிடைக்காது, மருந்தடிக்கும் இடத்தில் சுத்தமாகக் கிடைக்காது.

கொண்டுபோக வேண்டியவை: மண் சலிக்கும் சல்லடை, வெள்ளைத் தட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், பூஜ்யம் நம்பர் ஓவிய பிரஷ், ஈரப் பஞ்சு வைத்த இரண்டு சின்னப் புட்டிகள். முதலில் சலித்துப் பார்த்து, எந்த மரத்தடியில் வேலைக்கார எறும்பு தென்படுகிறது என்று கண்டுபிடியுங்கள். சல்லடையில் விழும் உதிரி எறும்புகளைச் சேர்த்தால் குடும்பம் ஆகாது, கூட்டையே கண்டுபிடிக்கவேண்டும். அந்த இடத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கிடக்கும் விரல் மொத்தக் குச்சிகள், உடைந்த கொட்டாங்கச்சி, தேங்காய் மட்டைத் துண்டு, உள்ளே கூடான கொட்டைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டின்மேல் வைத்து உடைத்துப் பாருங்கள். நாற்பது குச்சியில் ஒன்றில் இருக்கும், சில நாள் ஒன்றிலும் இருக்காது. இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. என் மூன்றாவது கூடு, பென்சில் அளவு பலாக் குச்சி ஒன்றை நீளவாக்கில் பிளந்தபோது கிடைத்தது. நடுவில் ஒரு ரூபாய் நாணயம்கூட நிறைக்காத இடத்தில் முப்பது எறும்பு, ரவை கொட்டியதுபோலப் புழுக்கள், அவற்றின்மேல் அசையாமல் ஒரு ராணி.

ராணியை அடையாளம் காண்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கட்டெறும்பு ராணிபோலப் பெரிதாக இருக்காது, வேலைக்கார எறும்பைவிடக் கொஞ்சம்தான் பெரிது. லென்ஸில் முதுகைப் பாருங்கள்: தடித்துப் புடைத்திருக்கும், இறகு உதிர்ந்த தழும்பு இரண்டு பக்கமும் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட ராணி உள்ள இனங்களும் உண்டு, அப்படி இருந்தால் எல்லோரையும் சேர்த்து எடுங்கள். பிரஷ் முனையை நனைத்துத் தொட்டாலே எறும்பு ஒட்டிக்கொள்ளும், விரலால் எடுத்தால் நசுங்கிவிடும்.

உங்கள் தோட்டத்தில் எடுங்கள், இல்லையென்றால் தெரிந்தவர் தோட்டத்தில் கேட்டு எடுங்கள். களக்காடு முண்டந்துறை மாதிரியான காடுகளுக்குள் போய் அனுமதி இல்லாமல் ஒரு சருகைக்கூட எடுக்கக்கூடாது. எறும்புதானே, யார் கேட்பார்கள் என்று நினைக்கவேண்டாம். 2025இல் கென்யாவில் ஐயாயிரம் எறும்புகளோடு பிடிபட்ட இரண்டு பெல்ஜியம் இளைஞர்களுக்கு, ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. வெளிநாட்டு இனங்களைத் தபாலில் வரவழைப்பதையும் இதோடு சேர்த்தே வேண்டாம் என்கிறேன். தப்பித்துப் போன ஒரு ராணி நம் மண்ணுக்கு என்ன செய்யும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அங்கே ஓக் மரத்தடியில் விழுந்த ஓட்டைக் கொட்டைக்குள் ஒரு முழுக் குடும்பமாக வாழும் டெம்னோதோராக்ஸ் எறும்புகள் கிடைக்கும். அவை சர்க்கரைத் தண்ணீரும் பழ ஈயும் சாப்பிடும். தொடங்குவதற்கு எளிது, ஆனால் குளிர்காலத்தில் சில மாதம் குளிரில் வைத்தே ஆகவேண்டும்.

படி 4: குடியேற்றுவது

பிளாஸ்டர் இதற்குமேல் குடிக்காது என்னும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மேலே நிற்கும் நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். அறைக்கு மேல் உள்ள ஸ்லைடின்மீது ஒரு கருப்புக் காகிதம் வையுங்கள். இப்போது குச்சித் துண்டோடு எறும்புகளை டப்பாவின் வெளிச்சமான பகுதியில் விட்டுவிட்டு, தள்ளாமல், ஊதாமல் இருங்கள். குச்சி காயக் காய, இருட்டும் ஈரமும் உள்ள அறையை அவையே கண்டுபிடித்து, புழுக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டு நாள் ஆகலாம். எல்லாம் போன பிறகு குச்சியை எடுத்துவிடுங்கள்.

படி 5: ஊட்டுவதும் பார்ப்பதும்

முப்பது எறும்புக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை பத்துப் பதினைந்து ஸ்பிரிங்டெயில் போதும். கரித் துண்டு ஒன்றை எடுத்து டப்பாவுக்கு மேலே தட்டினால் விழுந்துவிடும். உயிரோடுதான் போடவேண்டும். மீந்தவை அறையில் வரும் பூசணத்தை மேய்ந்து சுத்தமும் செய்துவிடும்.

முதல் தடவை ஊட்டும் நாளில் லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நீளத் தாடை இனமாக இருந்தால் வேட்டை இப்படி நடக்கும். ஸ்பிரிங்டெயிலின் வாடை பட்டதும் எறும்பு நின்றுவிடும். உணர்கொம்பை மடக்கிக்கொள்ளும். தாடைகள் இரண்டும் கதவு திறப்பதுபோல அகலமாக விரிந்து அப்படியே பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு கால், நிறுத்தம், இன்னொரு கால், நிறுத்தம். இரைக்கும் அதற்கும் மயிரிழை தூரம் இருக்கும்போது, தாடைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மெல்லிய முடிகள் ஸ்பிரிங்டெயிலின் மேல் படும். அவ்வளவுதான். தாடை மூடுவதை நம் கண்ணால் பார்க்கவே முடியாது, சில மில்லிசெகண்டுகளுக்குள் முடிந்துவிடும். திறந்திருந்தது மூடியிருக்கும், நடுவில் ஸ்பிரிங்டெயில் இருக்கும், அவ்வளவே தெரியும். உடனே இரையை அந்தரத்தில் தூக்கி, அது துள்ளித் தப்ப முடியாதபடி வைத்துக்கொண்டு, வயிற்றை முன்னால் வளைத்துக் கொட்டும். பிறகு அதை அறைக்குள் புழுக்களிடம் கொண்டுபோகும். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்றும் அந்த மூடும் கணத்தில் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

பராமரிப்பில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. பிளாஸ்டர் நிறம் வெளுத்தால் ஈரம் குறைகிறது என்று அர்த்தம், ஓரத்தில் ஐந்தாறு சொட்டு விடுங்கள், அறைக்குள் விடாதீர்கள். மூடியில் முத்து முத்தாக நீர் நின்றால் துடைத்துவிடுங்கள். ஒரு சொட்டு மேலே விழுந்தால் இரண்டு மில்லிமீட்டர் எறும்பு அதிலிருந்து வெளியே வராது. செத்த எறும்புகளைத் தாங்களே வாசலுக்கு வெளியே போட்டிருக்கும், வாரம் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். மே மாதம் கவனம் தேவை. நான் டப்பாவைத் தரையில், குடிதண்ணீர் மண்பானைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன், வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். ஜன்னலோர வெயில் பத்து நிமிடம் பட்டாலும் மூடிய டப்பா அடுப்பாகிவிடும். கொசுவத்தி, எறும்புச் சாக்பீஸ், கரப்பான் ஸ்பிரே எதுவும் டப்பா இருக்கும் வீட்டு அறையிலேயே இருக்கக்கூடாது.

எல்லாம் சரியாகப் போனால் சில மாதத்தில் முப்பது என்பது அறுபது எழுபது ஆகும். அப்போது ஒருநாள் அறைக்குள் இறகு முளைத்த எறும்புகள் தெரியும். அவை புது ராணிகளும் ஆண்களும். டப்பாவுக்குள் அடைத்து வைத்தால் வீணாகச் சாகும். மழை விட்ட ஒரு சாயங்காலம் அவற்றை மட்டும் பிரஷில் எடுத்து, முதலில் குச்சி கிடைத்த அதே மரத்தடிக்குக் கொண்டுபோய், சருகை விலக்கி விட்டுவிட்டு, சருகை மறுபடி மூடிவிட்டு வாருங்கள்.